மேரி இரத்தினம்: தாய்மாருக்குப் பாடம் சொல்ல வந்த வைத்தியர்

1873இல் கனடாவின் ஒன்ராறியோவில் பிறந்த மேரி இரத்தினம், 1896இல் மிஷன் வைத்தியராக இலங்கை வந்தார். தமிழரான எஸ்.சி.கே. இரத்தினத்தை மணந்ததற்காக மிஷன் அவரை ஏற்க மறுத்தது. தமிழ்த் தாய்மாரைத் திருத்த வெள்ளைக்காரப் பெண் வேண்டும். அவளுக்குத் தமிழ்க் கணவன் மட்டும் ஆகாது. காலனித்துவ அக்கறையின் எல்லை அதுதான்.

கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். 1937இல் மாநகர சபைக்குத் தெரிவானார். 1958இல் மகசேசே விருது பெற்றார். 1962இல் மறைந்தார்.

1930களின் தொடக்கத்தில் அவர் அமைத்த லங்கா மகிளா சமித்தி, கிராமத்துப் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பையும் சுகாதாரத்தையும் கற்பித்தது. அதன் மாதிரி கனடாவிலிருந்து வந்தது. அதனால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடம் வெளியிலிருந்து வரும்போது, இங்குள்ள தாய்க்கு எதுவும் தெரியாது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. மேரியோ இங்கேயே வாழ்ந்து, இந்த மண்ணில் பிள்ளைகளை வளர்த்தவர்.

இன்றைய பெற்றோர் பயிற்சிக் கையேடுகள் பலவற்றுக்கு அந்த அனுபவமும் இல்லை. தாய், தந்தை, பிள்ளை என்ற மூவரையே அவை குடும்பமாகக் காண்கின்றன. பிள்ளையை மடியில் போட்டு வளர்க்கும் அம்மம்மா அவற்றில் இல்லை. அடுத்த பயிற்சிப் பட்டறையில் அவருக்கும் ஒரு கதிரை போடவேண்டும் என்கிறேன். கேட்க மட்டுமல்ல, சொல்லவும்.