வத்திராயிருப்பு தந்த கிருஷ்ணன்

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கத்தில் விஞ்ஞானி யாரென்று கேட்டால் பிள்ளைகள் கலாம் பெயரைத்தான் சொல்வார்கள். சந்தோஷம். பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனையும் நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டராகவும் இருந்தார். கல்கத்தா சென்று 1923-ல் ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில், நன்கு சுத்தம் செய்த திரவங்களில் சூரிய ஒளியைப் பாய்ச்சி, ஃபில்டர் வைத்து, நிறம் மாறிச் சிதறும் ஒளியைத் தேடினார்கள். ஏறக்குறைய கோடி ஃபோட்டானில் ஒன்றுதான் அப்படி மாறும். அதை இருட்டறையில் வெறுங்கண்ணால் பிடிப்பதென்றால் சும்மாவா? பார்த்ததையெல்லாம் டைரியிலும் குறித்து வைத்தார் கிருஷ்ணன். 'நேச்சர்' இதழுக்குப் போன முதல் குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930 நோபல் பரிசோ ராமனுக்கு மட்டும். எனக்கு அதில் வருத்தம்தான்.

பிறகு டாக்காவில் படிகங்களின் காந்தத்தன்மையை ஆராய்ந்தார். 1940-ல் எஃப்.ஆர்.எஸ்.; 1947-ல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1961-ல் காலமானார்.

அவர் கண்ணை வருத்திய அந்த மங்கல் ஒளிக்கு 1970-களில் வழி பிறந்தது. சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறு ராமன் ஒளியை லட்சம் மடங்கு கூட்டித் தருவதை 1977-ல் உணர்ந்தார்கள். வெள்ளியின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுவதே முக்கியக் காரணம். மீனில் கலந்த மாலக்கைட் பச்சைச் சாயத்தைக்கூட இம்முறையில் கண்டுபிடிக்கலாம். வெள்ளி நைட்ரேட்டையும் சிட்ரேட்டையும் கொதிக்க வைத்தால் நானோ துகள் ரெடி. நம் கெமிஸ்ட்ரி லேபிலேயே செய்யலாம், தம்பிகளே!