முத்துக்கடல் கண்ட அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல்

திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணக் கரையில் பல தலைமுறையாக மிதந்து வந்தது கட்டுமரம். நாலைந்து மரத்துண்டுகளைக் கயிற்றாற் பிணைத்த எளிய பொருளென்று நாம் அதனைக் கடந்து போவோம். அதனையே மனிதனது கடற்கலையின் அரிய சான்றாக மதித்து, உலகறிய எழுதிய ஐரோப்பியர் ஒருவர் உளர். ஜேம்ஸ் ஹார்னெல் என்பது அவர் பெயர். மரக்கலங்களினும் மேலாக அவர் ஆராய்ந்தது கடலின் செல்வத்தை. அதனை எடுப்பது எவ்வாறு, எடாமல் விடுவது எப்போது என்பதே அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்த வினா.

ஹார்னெல் 1865-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் பிறந்தார். இளமையில் ஜெர்ஸித் தீவிலே கடல்வாழ் உயிர்களை ஆராயும் நிலையமொன்றை ஜோஸப் ஸினெல் என்பவருடன் சேர்ந்து நடத்தினார். அலை வடிந்த பாறைகளினிடையே கற்ற அக்கல்வியே அவரைக் கீழ்நாட்டிற்குக் கொணர்ந்தது.

இலங்கையில் 1891-ஆம் ஆண்டிற்குப் பின் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. காரணம் அறியுமாறு அரசாங்கத்தார் வேண்ட, பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-இல் அங்கு வந்தார். அவருடன் வந்தவர் ஹார்னெல். ஹெர்ட்மன் சில திங்களில் தாயகம் திரும்பினார். ஹார்னெலோ அங்கேயே தங்கிப் பணி புரிந்தார். சிப்பிகள் தங்கும் கடலடிப் பாறைகளுக்குப் பார் என்பது பெயர். மணல் பெயர்ந்து மூடுதலாலும், பருவக்காற்று வாரிச் செல்லுதலாலும், திருக்கை, கிளாத்தி முதலிய மீன்கள் தின்று தீர்த்தலாலும் இளஞ்சிப்பிகள் பார் பாராக அழிதல் ஆராய்ச்சியிற் புலப்பட்டது. அழிவு நேரும் பார்களினின்றும் குஞ்சுச் சிப்பிகளை ஏமமான இடங்களுக்குப் பெயர்த்திடும் முயற்சியும் நடந்தது.

1903-இல் சலாபம் மீண்டும் தொடங்கிற்று. 1905-இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தமிழரும் அராபியரும் இடுப்பிற் கயிறும் காலிற் கல்லுமாக மூழ்கி எடுத்த பெருஞ்செல்வம் அது. அடுத்த ஆண்டிலே பார்கள் ஒரு நிறுவனத்திற்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன்னரே நிறுவனமும் கலைந்தது. 1925 வரையில் அங்குச் சலாபமே இல்லை. கடல் குத்தகைச் சீட்டிற்குக் கட்டுப்படுவதன்று. அறிவியல் கடலை விளக்க வல்லதேயன்றி, ஆண்டுதோறும் இத்துணை தருக என்று அதற்குக் கட்டளையிட வல்லதன்று.

நிற்க. அக்காலத்தில் சர் பிரெடெரிக் நிகல்சன் என்பார் சென்னை மாகாணத்தில் மீன்துறையைத் தோற்றுவித்தார். அத்துறையில் முத்து, சங்கு இவற்றின் மேற்பார்வையை ஹார்னெல் ஏற்றார்; 1918-இல் இயக்குநராகி 1924 வரை விளங்கினார். சங்கைக் குறித்து 1914-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் அறிஞர் போற்றுவது. தூத்துக்குடியில் எடுக்கும் சங்கு வங்காளத்திற் சென்று வளையலாகின்றது. வளர்ந்தவற்றைக் கொண்டு, அளவிற் சிறியனவற்றை உயிருடன் கடலிலே திரும்ப விடுதல் இத்தொழிலின் விதி. இன்று விட்ட சிறு சங்கே நாளைய சங்குகளுக்குத் தாய் என்பதே அவ்விதியின் பொருள்.

ஓய்வு பெற்ற பின்னும் ஹார்னெல் ஓய்ந்தாரல்லர். 1924-இல் பசிபிக் கடலுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார். சீஷெல்ஸ் தீவுகளின் ஆமைத் தொழிலை ஆராய்ந்து 1927-இல் அறிக்கை தந்தார். முட்டையிடக் கரையேறும் பெண் ஆமை ஓட மாட்டாதது. அதனைப் பிடிப்பது எளிது. பிடித்தாலோ வருங்காலக் குலமே அற்றுப்போம். மால்ட்டா, பிஜி முதலிய தீவுகளின் மீன்வளமும் அவரது ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. தீவினர்க்கு வேறு வயலில்லை. சூழ்ந்த கடலே வயல். மரக்கலங்களைக் குறித்த பெருநூலை 1946-இல் வெளியிட்டு, 1949-இல் ஹார்னெல் இவ்வுலக வாழ்வை நீத்தார். நம் படகுகளிற் சிலவற்றிற்குப் பொலினேசியத் தொடர்பு கூறிய அவரது கொள்கையைப் பின்வந்தோர் பலர் ஏற்றிலர். ஆயினும் அவர் அரிதின் முயன்று தொகுத்த செய்திகள் அழியாதன.

தூத்துக்குடிப் பக்கத்தில் 1961-க்குப் பின் முத்துச் சலாபம் நிகழவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாயின. அவற்றுள் இரண்டு பின்னர் நீரில் மறைந்தன. பவளப்பாறையைச் சுண்ணாம்பிற்காக வெட்டியது தீவின் அரணையே வெட்டியதாயிற்று.

மாணவ நண்பர்களே! தீவு நமக்குத் தொலைவிலுள்ளது, கடல் அண்மையிலுள்ளது. மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உவரும் நன்னீரும் கலக்கும் அந்நீர்ப்பரப்பில் மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளர்கின்றன. விடுமுறையில் ஒருநாள் அங்குச் சென்று, வலைஞர் எதனைக் கொள்கின்றனர், எதனை நீரில் விடுகின்றனர் என்று பொறுமையுடன் நோக்குங்கள். ஹார்னெல் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியதும் இத்தகைய நோக்கினாலேயே.