ஹான்ஸ் பெர்கர்: மூளையின் மின் அலையை முதலில் பிடித்தவரும் அவர் மீதுள்ள கறையும்

தலையில் ஒரு பட்டை, கையில் ஒரு செயலி. நல்லா தூங்கினோமா, கவனம் சிதறுதா, தியானம் கைகூடுதா என்று சொல்வதாகக் கூறும் ‘மியூஸ்’, ‘இமோட்டிவ்’ போன்ற கருவிகளை இப்போது யாரும் வாங்கலாம். இவற்றின் அடிப்படை இஇஜி, அதாவது மூளையின் மின் அலைப் பதிவு. மனிதனிடம் அதை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர்.

யார் இவர்?

1873 மே 21 அன்று ஜெர்மனியின் கோபர்க் அருகே பிறந்தார். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு ஓராண்டு ராணுவத்துக்குப் போனார். பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் நூலிழையில் தப்பினார். அன்றே, நலமா என்று கேட்டு அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. அவருக்கு ஏதோ ஆபத்து என்று வீட்டில் சகோதரிக்குத் தோன்றியதாம். எண்ணம் தூரம் கடக்குமா என்ற கேள்வி அவரை மருத்துவத்துக்குத் திருப்பியது. அதற்கு ஆதாரம் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று.

என்ன கண்டுபிடித்தார்?

விலங்குகளின் மூளையில் மின்சாரம் இருப்பதை 1875-லேயே இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்டன் காட்டியிருந்தார். பெர்கர் 1924 ஜூலை 6 அன்று 17 வயது இளைஞர் ஒருவரிடம் மனித மூளையின் அலையைப் பதிவு செய்தார். மண்டைத்தோலில் கிடைப்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். கருவியின் பிழையோ என்ற சந்தேகத்தில் மகன் கிளாஸ் உட்படப் பலரிடம் திரும்பத் திரும்பச் சோதித்து, 1929-ல்தான் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் நோபல் விஞ்ஞானி அட்ரியனும் மேத்யூஸும் அதையே செய்துகாட்டிய பிறகு உலகம் ஏற்றது.

பட்டை சொல்வதை நம்பலாமா?

கண்ணை மூடினால் விநாடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ‘ஆல்ஃபா’ அலை கூடும், திறந்தால் குறையும் என்பதும் பெர்கர் கண்டதே. திருவனந்தபுரம் பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போய், மூடுபனியில் கண்மூடி உட்கார்ந்தால் ஆல்ஃபா கூடலாம். ஆனா அது மலை தந்த அமைதியா, வெறும் இமை மூடியதா என்பதை அந்த அலை மட்டும் சொல்லாது. வண்டி ஓட்டும்போது நிலைமை இன்னும் மோசம். தாடை, கழுத்துத் தசைகளின் மின்சாரம் மூளை அலையை அமுக்கிவிடும்.

தியானத்தை அளக்கும் முயற்சி நமக்குப் புதுசில்லை. டெல்லி எய்ம்ஸின் ஆனந்த், சினா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் இஇஜி பற்றி 1961-லேயே ஆய்வு வெளியிட்டார்கள்.

என்ன கறை?

நாஜி அரசின் 1933-ம் ஆண்டுச் சட்டம், வலிப்பு உள்ளிட்ட நோய்களைப் பரம்பரை நோய் என்று பட்டியலிட்டு, கட்டாயக் கருத்தடைக்கு வழி செய்தது. அந்த வழக்குகளை விசாரித்த யெனா நீதிமன்றத்தில் பெர்கரும் உறுப்பினராக இருந்தார். நாஜிகளால் ஓரங்கட்டப்பட்டவர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்ட அவரது கதையை, பின்னர் கிடைத்த ஆவணங்கள் மாற்றின. 1938-ல் ஓய்வுபெற்ற அவர், மனச்சோர்வால் 1941 ஜூன் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார்.

வலிப்பைக் கண்டறிய இன்று முக்கியமாக உதவுவது அவர் தந்த இஇஜிதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தின் வலிப்பு சிகிச்சை மையத்திலும் அன்றாடம் பயன்படுவது அதுவே.

நமக்கு என்ன?

வலிப்பு இருப்பவரின் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டம் போட்டிருந்த தடை 1999-ல்தான் நீங்கியது. மூளையை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது எங்கோ நடந்த கதை இல்லை. 2023-ல் சிலி நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்குமாறு இமோட்டிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. பட்டையை வாங்கும் முன், அந்தத் தரவு எங்கே சேமிக்கப்படுது, யாருடன் பகிரப்படுது, கேட்டால் அழிப்பார்களா என்று செயலியின் விதிமுறைகளில் பார்த்துவிடுங்கள்.