தோட்டத் தொழிலாளரின் முதற்குரல் நடேசய்யர்

லண்டன் ஏலத்தில் தேயிலை விலை சரிந்தபோதெல்லாம், அதன் அடி மலையகத்து லயங்களில்தான் விழுந்தது. அதனை எதிர்த்து நின்ற முன்னோடி கோ. நடேசய்யர்.

தஞ்சாவூர்க்காரரான அவர், 1920இல் இலங்கையில் குடியேறினார். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாகச் சென்று தொழிலாளரின் துயரறிந்தார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளில் கங்காணிமுறையின் கொடுமைகளை அம்பலப்படுத்தினார்.

உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்து, கூலிக்கும் ஆபத்து நேர்ந்த 1931இல், அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான முதலாவது தொழிற்சங்கத்தை அமைத்தார். துணைவியார் மீனாட்சியம்மையின் பாடல்கள் சங்கத்தின் செய்தியைப் பரப்பின. 1936இல் அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

1947இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தேயிலைக்கு உலகெங்கும் வழி இருந்தது. அதைப் பறித்தவருக்கோ சொந்த நாடும் இல்லாமற் போயிற்று.