மரத்தின் பெயர் கொண்ட மேதை

ஜப்பானில் வகாயாமா என்று ஓர் ஊர். அங்கே ஓர் இரும்புச் சாமான் வியாபாரியின் வீட்டில் 1867-ம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

அந்த வட்டாரத்தில் புஜிஷிரோ என்னும் கோவில் இருக்கிறது. அங்கே பெரிய கற்பூர மரம் ஒன்று உண்டு. அதில் தெய்வம் குடியிருப்பதாக ஜனங்கள் நம்பினார்கள். மரத்தின் பெயரையே பிள்ளைகளுக்குச் சூட்டுவார்கள்.

இந்தக் குழந்தைக்கும் குமாகுஸு என்று பெயர் வைத்தார்கள். முதல் பாதிக்குக் கரடி என்று பொருள். மறு பாதிக்குக் கற்பூர மரம் என்று பொருள்.

அவர்தான் பின்னாளில் ஜப்பான் முழுவதும் புகழ் பெற்ற மினாகாட்டா குமாகுஸு!

கடல் கடந்த படிப்பு

சிறு வயதிலேயே அவர் பெரிய நூல்களை இரவல் வாங்கி, கையால் எழுதிக்கொள்வார். 1886-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1892-ல் லண்டன் சேர்ந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் பல மொழி நூல்களைக் கற்றார். பட்டம் பெறவில்லை. 1900-ல் தாய்நாடு திரும்பினார்.

பிறகு டனாபே என்ற ஊரில் குடியேறினார். காடுகளில் அலைந்து, அழுகிய மரங்களில் வளரும் சளிப்பூஞ்சை என்ற சிற்றுயிரை ஆராய்ந்தார்.

கோடரி விழுந்தது

மரம், பாறை, அருவி எல்லாவற்றிலும் தெய்வம் உறையும் என்பது ஷிண்டோ மத நம்பிக்கை. அதனால் கோவிலைச் சுற்றிச் சோலை இருக்கும். அதை வெட்ட ஜனங்கள் அஞ்சுவார்கள்.

1906-ல் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு கிராமத்துக்கு ஒரு கோவில் போதும். மற்றவற்றை அதோடு சேர்த்துவிட வேண்டும்! சுமார் 70 ஆயிரம் கோவில்கள் மறைந்தன. தெய்வம் போனபின் மரத்துக்குக் காவல் ஏது? சோலைகளை வெட்டி விற்றார்கள்.

மினாகாட்டா கொதித்து எழுந்தார். சோலை அழிந்தால் பறவைகள் போய்விடும். பூச்சிகள் பெருகிப் பயிரைத் தின்னும். ஊர் ஒற்றுமையும் குலையும் என்று பத்திரிகைகளில் எழுதினார்.

1910-ல் அதிகாரி ஒருவரைத் தேடி ஒரு கூட்டத்துக்குள் புகுந்து ரகளை செய்தார். 18 நாள் காவலில் வைத்தார்கள். அங்கேயும் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள்!

அவர் விடவில்லை. கடைசியில் 1920-ல் பிரபுக்கள் சபை கோவில் இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் செய்தது. அதற்குள் பல சோலைகள் அழிந்துவிட்டன. ஆனால் டனாபே கடலில் உள்ள காஷிமா தீவின் சோலை தப்பியது.

மிட்டாய்ப் பெட்டி

1929-ல் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ அந்தத் தீவுக்கு வந்தார். அவரும் உயிரியல் ஆராய்ச்சியாளர். மினாகாட்டா 110 சளிப்பூஞ்சைகளை அவருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். தங்கப் பேழையில் அல்ல, மிட்டாய் அட்டைப் பெட்டிகளில்!

1941-ல் மினாகாட்டா காலமானார்.

1962-ல் சக்கரவர்த்தி மறுபடியும் அந்தப் பக்கம் வந்தார். மழையில் காஷிமா தீவைப் பார்த்தார். மினாகாட்டாவை நினைத்து ஒரு கவிதை எழுதினார்.