நீலம் தாமதித்த கதை – டாக்டர் சுப்பாராவ்

செய்யூர்ப் பக்கம் படித்தவர்களுக்கு யானைக்கால் மாத்திரை நினைவிருக்கும். தலை சுற்றும் என்று பயந்து, விழுங்குவதுபோல் பாவனை செய்து, வேலியோரம் வீசியவன் நான். அந்த மருந்தைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைவர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது தடவைதான் தேறினார். (அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் கவனிக்க!) மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கியோடு அறுவை சிகிச்சைக்குப் போனது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. 1923-ல் பாஸ்டன் போய், செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925-ல் வெளியிட்டார். கரைசல் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். தசைச் சாற்றில் மட்டும் நீலம் உடனே முழுசாக வராமல் மெதுவாக ஏறிக்கொண்டே போனது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ரீடிங் தப்பு என்று அடித்துவிட்டு, பக்கத்து டேபிள்காரனின் எண்ணை ரெக்கார்டில் எழுதியிருப்போம். அவர்கள் அந்தத் தாமதத்தையே துரத்தினார்கள். ஏதோ ஒரு பொருள் உடைந்து பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று புரிந்தது. அதுதான் 1927-ல் அறிவித்த பாஸ்போகிரியாட்டின்.

தசை சுருங்கும்போது செலவாகும் சக்தி ஏ.டி.பி. அதன் கையிருப்பு சில விநாடிக்கே காணும். பாஸ்போகிரியாட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை உடனே நிரப்புகிறது. ஜெனரேட்டர் கிளம்பும்வரை தாங்கும் யு.பி.எஸ். மாதிரி. 1929-ல் இருவரும் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் தனியே கண்டறிந்தார். லாக்டிக் அமிலம்தான் தசையை இயக்குகிறது என்ற அதுவரையிலான நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஃபோலிக் அமிலத் தயாரிப்பு, மெத்தோட்ரெக்ஸேட், ஆரியோமைசின், யானைக்காலுக்கான டைஎத்தில்கார்பமசின் எல்லாம் அங்கே அவர் தலைமையில் வந்தவை. 1948 ஆகஸ்டில், 53 வயதில் காலமானார்.

மனைவியை விட்டுக் கப்பலேறியவர் ஊர் திரும்பவேயில்லை. 1995-ல் நூற்றாண்டையொட்டி அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. என்னிடம் ஒன்று இருக்கிறது. ரீயூனியனுக்குக் கொண்டுவருகிறேன், வாங்க பார்க்கலாம்.