ஸபருல்லா கான் காத்த சுதந்திரம்

பெரியோர் சிலரின் வரலாற்றைப் படித்து முடித்ததும் நூலை மூடி வைத்துவிட்டு அமைதி கொள்ளலாம். சர் முகம்மது ஸபருல்லா கானின் வரலாறு எனக்கு அத்தகைய அமைதியைத் தந்ததில்லை. உலகோர் அனைவருக்குமென அவர் வாதாடிய உரிமை, அவருடைய வாழ்நாளிலேயே அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த விந்தை என் நெஞ்சை இன்னும் உறுத்துகின்றது.

பஞ்சாபின் சியால்கோட் நகரில் 1893ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் அவர் பிறந்தார். லாஹூரிலும் இலண்டனிலும் கற்று, 1914இல் பாரிஸ்டரானார். வைசிராயின் நிர்வாக சபையிலும், பின்னர் இந்திய சமஷ்டி நீதிமன்றத்திலும் பதவி வகித்தார். பாகிஸ்தான் உதயமான 1947ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் முதலாவது வெளிநாட்டமைச்சரானார்.

அவர் அகமதியா இயக்கத்தைச் சேர்ந்தவர். 1889இல் மிர்ஸா குலாம் அகமது தோற்றுவித்த அவ்வியக்கத்தினர் தம்மை முஸ்லிம்கள் என்றே கொள்வர். நிறுவியவரைப் பற்றிய அவர்களுடைய நம்பிக்கை காரணமாக ஏனைய முஸ்லிம் அறிஞர்கள் அதனை ஒப்புவதில்லை. 1948 செப்டெம்பரில் ஜின்னா மறைந்தபோது, அமைச்சராகிய ஸபருல்லா கான் ஜனாஸாத் தொழுகையில் சேராது விலகி நின்றார். அச்செயலைப் பலர் மன்னிக்கவேயில்லை.

மூன்று மாதங்கள் சென்றன. பாரிஸ் நகரின் ஷையோ மாளிகையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் 18ஆம் பிரிவு, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் வழங்குவதோடு, மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் அதில் அடங்கும் எனக் கூறுகின்றது. இச்சொற்களைச் சவூதி அரேபியாவின் பிரதிநிதி ஜமீல் பாரூதி எதிர்த்தார். மதம் பரப்ப வந்தோரைப் பின்தொடர்ந்து அந்நிய ஆதிக்கமும் வந்ததை அவர் நினைவூட்டினார். குடியேற்ற நாடுகளின் அனுபவத்தை அறிந்த எவரும் அவ்வச்சத்தை வெறும் பிடிவாதமென்று தள்ளிவிட இயலாது.

ஸபருல்லா கான் வேறு வழியில் நின்று வாதாடினார். இஸ்லாம் பிறரை அழைக்கும் மதம். பிறர் தம் மதத்தை விட்டு வரலாமென அழைப்போர், தம்மவர் வெளியேறும் உரிமையை மறுத்தல் நீதியாகாது என்பது அவர் கருத்து. நம்பிக்கையை வற்புறுத்திப் புகுத்த முடியாதென்பதற்குத் திருக்குர்ஆனையே ஆதாரமாகக் கொண்டார். வற்புறுத்தலால் விளைவது விசுவாசமன்று, வேடமே என்பதை அவர் உணர்ந்திருந்தார். டிசெம்பர் 10ஆம் நாள் 48 நாடுகள் ஆதரவாக வாக்களிக்கப் பிரகடனம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த நாடு எதுவுமில்லை; சவூதி அரேபியா உட்பட 8 நாடுகள் வாக்களியாதிருந்தன. நம் இலங்கை அப்போது அச்சபையில் அங்கம் பெற்றிருக்கவில்லை.

அவரைப் போற்றும் நான் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 1949 மார்ச்சில், பாகிஸ்தானின் அரசியலமைப்புக்கு இஸ்லாத்தை அடிப்படையாக்கும் குறிக்கோள் தீர்மானம் அரசியல் நிர்ணய சபைக்கு வந்தது. கிழக்கு வங்கத்தின் இந்து உறுப்பினர்கள் அஞ்சி எதிர்த்தனர். ஸபருல்லா கானோ அதனை ஆதரித்துப் பேசினார். மதத்தை அரசு வரையறுக்கத் தொடங்கினால் அவ்வரை எங்கே போய் நிற்குமென்பதை அந்த நுண்ணிய சட்ட அறிவும் அன்று காணவில்லை.

விரைவிலேயே அது அவரை நோக்கித் திரும்பியது. அகமதியரை முஸ்லிமல்லாதாராக அறிவிக்கவேண்டும், ஸபருல்லா கானைப் பதவி நீக்கவேண்டும் என்ற கிளர்ச்சி மூண்டு, 1953 மார்ச்சில் லாஹூரில் இராணுவச் சட்டம் பிறந்தது. கலவரத்தை விசாரித்த நீதியரசர் முனீர் குழு, முஸ்லிம் என்பவர் யாரென மார்க்க அறிஞர்களை வினவியபோது, ஒருவர் விளக்கம் மற்றவர் விளக்கத்தோடு பொருந்தவில்லை.

1954இல் அவர் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்கு நீதியரசராகச் சென்றார். 1962இல் ஐ. நா. பொதுச்சபையின் தலைவராகவும், 1970 முதல் 1973 வரை அந்நீதிமன்றத்தின் தலைவராகவும் விளங்கினார். இவ்விரு தலைமைகளையும் வகித்தவர் அவர் ஒருவரே.

உலகம் இவ்வாறு உயர்த்தியவரை அவருடைய நாடு 1974 செப்டெம்பரில் அரசியலமைப்பைத் திருத்தி முஸ்லிமல்லாதவராக்கியது. 1984ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, அகமதியர் தம்மை முஸ்லிமென்று சொல்வதையும், தம் தொழுமிடத்தை மசூதியென்று அழைப்பதையும் மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றங்களாக்கியது. அப்போது அவர் பல்லாண்டு வெளிநாட்டு வாழ்வை முடித்து லாஹூருக்குத் திரும்பியிருந்தார். தொண்ணூறு கடந்த முதியவர் தம் நம்பிக்கையின் பெயரைச் சொல்வதே தண்டனைக்குரியதாயிற்று.

1985 ஓகஸ்டின் இறுதியில், ஜெனீவாவில் கூடிய ஐ. நா. மனித உரிமை உப ஆணைக்குழு அக்கட்டளைச் சட்டம் குறித்துக் கவலை தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. செப்டெம்பர் 1ஆம் நாள் அவர் லாஹூரில் உயிர்நீத்தார். அடுத்த ஆண்டே, மத சகிப்பின்மையை ஆராய ஐ. நா. சிறப்பு அறிக்கையாளர் ஒருவரை நியமித்தது. அப்பதவி இன்றும் தொடர்கின்றது. அச்சட்டமும் இன்றும் நிலவுகின்றது.

மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் என்ற வெளிப்படையான சொற்கள் 1966ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலோ 1981ஆம் ஆண்டின் பிரகடனத்திலோ இடம்பெறவில்லை. எதிர்ப்புக்கு இணங்கி வாசகம் தளர்த்தப்பட்டது. 1948ஆம் ஆண்டின் ஏட்டில் மட்டும் அவை மாறாதிருக்கின்றன. ஒரு மதத்தை விட்டு நீங்குவோருக்கென அன்று அவர் வாதாடினார். தம் மதத்திலேயே நிலைத்திருக்க விரும்புவோருக்கும் அந்தச் சுதந்திரமே அரண் என்பதை அவருடைய முதுமை எனக்குக் கற்பித்தது.